லிவர்பூலின் விக்டோரியா காலக் கிடங்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லிவர்பூல் போய்வந்தவர்களின் கைப்பேசியில் ஆல்பர்ட் டாக் படம் ஒன்றாவது இருக்கும். தண்ணீரைச் சுற்றி நான்கு பக்கமும் செங்கல் கட்டடம், அடியில் கொழுத்த சிவப்புத் தூண்கள். அரண்மனையா, சிறைச்சாலையா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை, கிட்டங்கி. அதற்குப் பிறகு வரிசையாக வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

விக்டோரியா காலக் கிடங்கு என்றால் எந்த ஆண்டுகளைச் சொல்கிறோம்?

விக்டோரியா ராணி ஆண்டது 1837 முதல் 1901 வரை. லிவர்பூல் கிடங்குகளின் கதையும் ஏறக்குறைய அந்த வரப்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆல்பர்ட் டாக்கின் திட்டம் அவர் பட்டத்துக்கு வந்த சில ஆண்டுகளில் உருவானது. கடைசிப் பெரிய கிடங்கான ஸ்டான்லி டாக் புகையிலைக் கிடங்கு அவர் இறந்த 1901-இல் முடிந்தது. கிடங்குகள் அதற்கு முன்பும் இருந்தன. துறைமுகத்தை ஒட்டியிருந்த கோரீ கிடங்குகள் 1793-இல் கட்டி, 1802-இல் எரிந்து, மறுபடி எழுந்தவை. ஆனால் இரும்பும் செங்கல்லும் சேர்ந்த அந்த ராட்சத உருவம் விக்டோரியா காலத்துக்கே உரியது.

'டாக்' என்பது கப்பல் நிற்கும் கரைதானே? தனியாக ஒரு சொல் எதற்கு?

நம் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொண்டால் எளிதில் புரியும். மெர்சி ஆற்றின் முகத்துவாரத்தில் பெரிய ஓதத்தின்போது தண்ணீர் பத்து மீட்டர்வரை ஏறி இறங்கும். காலையில் கரைமட்டத்தில் மிதந்த கப்பல் மாலையில் சேற்றில் உட்கார்ந்திருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் சரக்கு இறக்க முடியாது. அதனால் ஆற்றோரம் குளம் வெட்டி, மதகு வைத்து, ஓதம் ஏறும்போது கப்பலை உள்ளே விட்டுக் கதவை அடைத்துவிட்டார்கள். வெளியே ஆறு வடிந்தாலும் உள்ளே தண்ணீர் நிற்கும். இந்த மதகுக்குளம்தான் டாக். வணிகக் கப்பல்களுக்காக இப்படிக் கட்டிய முதல் குளத்தை லிவர்பூல் 1715-இலேயே திறந்துவிட்டது. அதன் சுவர்கள் இன்றும் ஒரு கடைவீதிக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன.

குளத்தின் கரையிலேயே கிடங்கு கட்டியதில் அப்படி என்ன புதுமை?

இன்று கேட்டால் சின்ன விஷயமாகத்தான் தெரியும். அன்று அது ஊரையே இரண்டாக்கிய சண்டை.

பழைய முறையில் கப்பலிலிருந்து இறக்கிய சரக்கு திறந்த கரையில் குவிந்து கிடக்கும். சுங்க அதிகாரி எடைபோட்டுக் குறித்த பிறகு குதிரை வண்டிகள் அதை ஏற்றிக்கொண்டு நகரத்துச் சந்துகளில் இருக்கும் தனியார் கிடங்குகளுக்குப் போகும். கரையில் கிடக்கும்போது மழை, வண்டியில் போகும்போது கை நீளம். ஒரு மூட்டைச் சர்க்கரை கிடங்குக்குப் போய்ச் சேர்வதற்குள் எத்தனை பேருக்குப் படியளந்திருக்கும் என்பது வணிகருக்குத் தெரியும். கணக்கில்தான் ஏறாது.

கப்பலிலிருந்து நேராகக் கிடங்குக்குள் தூக்கிப் போட்டு, சுற்றிலும் மதில் எழுப்பிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். லண்டனில் செயின்ட் கேத்தரின் டாக் அதை 1828-லேயே செய்து காட்டிவிட்டது. லிவர்பூலில் மட்டும் ஏன் தாமதம்? நகரத்துக் கிடங்கு முதலாளிகள் விடவில்லை. கரையில் கிடங்கு வந்தால் தங்கள் கட்டடங்களுக்கு வாடகை யார் தருவார்? அவர்களுக்கு நகர மன்றத்தில் செல்வாக்கும் இருந்தது. வண்டிக்காரர்களின் பிழைப்பும் அதில் சிக்கியிருந்தது. இழுபறிக்குப் பிறகு 1841-இல்தான் ஆல்பர்ட் டாக்குக்கு நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் 1846 ஜூலை 30 அன்று அதைத் திறந்துவைத்தார். வேலை முழுதாக முடிய இன்னும் ஓர் ஆண்டு ஆயிற்று. அங்கே ஒரு கப்பலின் சரக்கை இறக்கப் பழைய நேரத்தில் பாதி போதுமானதாக இருந்தது என்பார்கள்.

சுங்கக் காப்புக் கிடங்கு என்றால் என்ன?

வரியைத் தள்ளிப்போடும் கிடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வணிகர் பிரான்சிலிருந்து நூறு பீப்பாய் பிராந்தி வரவழைக்கிறார். கரை இறங்கியதும் முழு வரியையும் கட்டு என்றால், விற்காத சரக்குக்கு அவர் கடன் வாங்கி வரி கட்ட வேண்டியிருக்கும். மாறாக, சரக்கைச் சுங்கத்துறையின் கண்காணிப்பில் பூட்டிவைத்து, விற்க விற்க எடுத்து, எடுத்த பீப்பாய்க்கு மட்டும் வரி கட்டலாம் என்றால்? இரு பக்கத்துக்கும் வசதி. மறுபடி வெளிநாட்டுக்கே அனுப்பினால் வரியே வேண்டாம். இதற்கான சட்டம் 1803-இல் முதலில் லண்டனுக்கு வந்தது, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் லிவர்பூலுக்கும் நீட்டிக்கப்பட்டது.

இத்தகைய கிடங்கின் கதவில் இரண்டு பூட்டுகள் தொங்கும். ஒன்றின் சாவி வணிகரிடம், மற்றதன் சாவி சுங்க அதிகாரியிடம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். ஒருவரையொருவர் நம்பாததற்கு இதைவிட நேர்மையான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

ஆல்பர்ட் டாக்கின் தடித்த சுவர், சிறிய ஜன்னல், இரும்புக் கதவு எல்லாவற்றுக்கும் இங்கேதான் காரணம் தேட வேண்டும். தீ, திருட்டு, வரி ஏய்ப்பு என்ற மூன்று பயங்களுக்காகக் கட்டியது அது. அழகு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

தீ அவ்வளவு பெரிய பயமா?

லிவர்பூலில் கிடங்கு எரிவது ஏறக்குறைய வாடிக்கை. மரத் தளம், மர உத்தரம், உள்ளே பஞ்சு, எண்ணெய், டர்பன்டைன், ரம். ஒரு பொறி போதும். 1842 செப்டம்பரில் ஃபார்ம்பி தெருப் பகுதியில் பிடித்த தீயில் கிடங்குகள் வரிசையாக விழுந்தன. காப்பீட்டு நிறுவனங்கள் பிரீமியத்தை ஏற்றின. மறு ஆண்டே சட்டம் வந்தது: கிடங்குகளுக்கு இடையே சுவரைக் கூரைக்கு மேலும் உயர்த்து, இரும்புக் கதவு போடு, விதிப்படி கட்டிப் பதிவு செய்தால் பிரீமியம் குறையும். சட்டத்துக்குப் பணியாதவர்கள் பிரீமியத்துக்குப் பணிந்தார்கள்.

ஆல்பர்ட் டாக்கைக் கட்டிக்கொண்டிருந்த பொறியாளர் ஜெஸ்ஸி ஹார்ட்லி அதற்கு மேலும் ஒரு படி போனார். எந்த வகைத் தளம் தீயைத் தாங்கும் என்று பார்க்க மாதிரிக் கட்டடம் எழுப்பி, அதற்குள் விறகையும் தாரையும் நிரப்பிக் கொளுத்திவிட்டார். முடிவில் கிடங்குகளின் சட்டகத்தில் மரத்துக்கே இடம் தரவில்லை. வார்ப்பிரும்புத் தூண், இரும்பு உத்தரம், உத்தரங்களுக்கு இடையே வளைத்துக் கட்டிய செங்கல் தளம். கூரைகூட இரும்புத் தகடுகளை ஆணியடித்து இணைத்த கூடு, கவிழ்த்த கப்பலின் அடிப்பகுதிபோல. அப்படிப்பட்ட கட்டடம் நிற்பதோ ஆற்றோரச் சேற்று மண்ணில், ஆயிரக்கணக்கான மரக் கம்பங்களின் மேல். தீக்குப் பயந்து மேலே விலக்கிய மரம் அடியில் தண்ணீருக்குள் பத்திரமாகக் கிடக்கிறது.

ஹார்ட்லி யார்? கட்டடக் கலைஞரா?

யார்க்ஷயர்க்காரர், பாலம் கட்டியவர். 1824-இல் லிவர்பூல் துறைமுகப் பொறியாளராக வந்தபோது டாக் கட்டிய அனுபவமே கிடையாது. 1860-இல் சாகும்வரை அந்தப் பதவியில் இருந்தார். அந்த 36 ஆண்டுகளில் ஆற்றங்கரையையே மாற்றிவிட்டார். 1848 ஆகஸ்டில் ஒரே நாளில் ஐந்து டாக்குகள் திறக்கப்பட்டன என்றால் வேகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவருக்குப் பைத்தியம் கிரானைட். ஸ்காட்லாந்தில் துறைமுகத்துக்கென்றே ஒரு கல்குவாரி வைத்திருந்தார்கள், அங்கிருந்து கப்பலில் கல் வந்தது. அவர் சுவர்களில் சதுரமாக வெட்டிய வரிசைக் கற்களை அதிகம் பார்க்க முடியாது. ஆள் உயரப் பாறையும் கையளவு துண்டும் கோணல்மாணலாக, ஆனால் நடுவே கத்திகூட நுழையாதபடி பொருந்தியிருக்கும். டாக் சாலையில் நடந்தால் அந்த மதிலை விரலால் தடவிப் பார்க்கலாம். திருடனைத் தடுக்க எழுப்பிய மதிலுக்கு இத்தனை வேலைப்பாடா என்று தோன்றும்.

அந்தத் தடித்த தூண்களும் நடுநடுவே வரும் பெரிய வளைவுகளும் எதற்கு?

தூண்கள் உள்ளே கூடான வார்ப்பிரும்பு. உயரம் சுமார் 15 அடி, சுற்றளவு பன்னிரண்டரை அடி. கிரேக்கக் கோயில் தூண் சாயலில் வார்த்தார்கள். ஐந்து மாடிக் கிடங்கு குளத்து விளிம்புவரை நீள, அதன் தரைத்தளம் மட்டும் திறந்த தாழ்வாரமாக விடப்பட்டது. மழையில் நனையாமல் சரக்கு இறக்க அந்தத் தாழ்வாரம். வளைவுகள் கிரேனின் கை சுழல்வதற்கான இடம். அலங்காரம் என்று நினைத்துப் படம் எடுக்கிறோம், அது கிரேனுக்கு வழி.

அன்றைய ஊர்க்காரர்கள் இதை ரசிக்கவில்லை என்பது இன்னொரு வேடிக்கை. கட்டடக் கலைஞரும் லிவர்பூல் வரலாற்றை எழுதியவருமான ஜேம்ஸ் பிக்டன் 1870களில் இதை விகாரமான வெற்றுச் செங்கல் குவியல் என்று திட்டித் தீர்த்தார். இன்று பிரிட்டனில் முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடங்கள் ஒரே இடத்தில் மிக அதிகமாக நிற்பது இங்கேதான்.

மின்சாரம் இல்லாத காலத்தில் ஐந்தாவது மாடிக்கு மூட்டையை எப்படி ஏற்றினார்கள்?

நகரத்துத் தனியார் கிடங்குகளில் மனிதக் கைதான். தெருவைப் பார்த்த சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கதவுகள் இருக்கும், உச்சியில் ஒரு சின்ன அறை. அதற்குள் உருளையும் கயிறும். லிவர்பூலில் அதற்கு 'ஜிகர் லாஃப்ட்' என்று பெயர். ட்யூக் தெருப் பக்கம் பழைய கிடங்குகளை அண்ணாந்து பார்த்தால் அந்தக் கதவு வரிசை இன்னும் தெரியும்.

ஆல்பர்ட் டாக்கில் 1848-இல் நீரழுத்தத்தால் இயங்கும் ஏற்றப்பொறிகள் வந்தன. கிடங்கு வேலைக்கு இந்த முறையைப் பயன்படுத்தியதில் உலகில் இதுவே முன்னோடி. இதைக் கண்டுபிடித்தவர் நியூகாசிலைச் சேர்ந்த வில்லியம் ஆம்ஸ்ட்ராங். ஹார்ட்லி எளிதில் நம்புகிற ஆள் அல்லர். யார் விளக்கமும் வேண்டாம் என்று தனியாக நியூகாசில் போய்த் துறைமுகத்தில் வேலைசெய்த கிரேனைப் பார்த்தார். அதை இயக்கிய தொழிலாளிக்கு 'ஹைட்ராலிக் ஜாக்' என்று பட்டப்பெயர். அவர் பாரத்தை விர்ரென்று கீழே விட்டு, தரையைத் தொடும் நொடியில் பூப்போல நிறுத்திக் காட்டினார். ஹார்ட்லி ஊர் திரும்பினார், பொறிகளுக்குச் சிபாரிசு செய்தார். பொறியாளர்களின் அறிக்கைகள் செய்யாததை ஒரு தொழிலாளியின் கைநயம் செய்தது.

பின்னால் 1870-இல் கட்டிய நீரேற்று நிலையம் உயர்ந்த புகைபோக்கியுடன் அங்கேயே நிற்கிறது. இப்போது அது மதுக்கடை.

உள்ளே என்ன சரக்கு இருந்தது?

ஆல்பர்ட் டாக்கில் விலை அதிகமான, வரி அதிகமான சரக்குகள்: பிராந்தி, ரம், தேயிலை, பட்டு, சர்க்கரை, புகையிலை, தந்தம்.

ஊரின் உயிர்நாடி பருத்தி. பிரிட்டனுக்கு வந்த பருத்தியில் பெரும்பகுதி இந்தத் துறைமுகம் வழியாகத்தான் மான்செஸ்டர் ஆலைகளுக்குப் போனது. பருத்தி மீதான இறக்குமதி வரி 1845-இல் எடுக்கப்பட்டதால் அதைச் சுங்கப் பூட்டுக்குள் வைக்கத் தேவையில்லை. நகரத்துத் தனியார் கிடங்குகளே அதற்குப் போதும். பொதியிலிருந்து ஒரு பிடி உருவி, இரு கைக் கட்டைவிரல்களுக்கு இடையே இழுத்து இழை நீளம் பார்த்து விலை பேசுவார்கள். எக்ஸ்சேஞ்ச் ஃப்ளாக்ஸ் என்ற திறந்த சதுக்கத்தில், குளிரில் நின்றுகொண்டே பேரம் நடக்கும்.

தானியமும் முக்கியமானது. தானியத்தின் திருப்புமுனை 1846. அந்த ஆண்டு தானிய இறக்குமதிச் சட்டங்கள் நீக்கப்பட்ட பிறகுதான் அமெரிக்கக் கோதுமை வெள்ளமாக வந்தது. அதற்காக 1860களின் இறுதியில் வாட்டர்லூ டாக்கில் எழுந்த கிடங்கில் மூட்டை கட்டாமலே கோதுமையை மேலே ஏற்றி, பட்டைகளில் ஓடவிட்டார்கள். அதன் ஒரு பகுதி இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு.

தமிழ்நாட்டுச் சரக்கு ஏதாவது அங்கே போனதா?

போனது. லிவர்பூல் பருத்தி விலைப் பட்டியல்களில் சூரத், மெட்ராஸ் ஆகியவற்றோடு 'டின்னவெல்லி' என்று ஒரு தனி ரகம் இருந்தது. நம் திருநெல்வேலிதான். கரிசல் காட்டில் விளைந்து தூத்துக்குடியில் கப்பலேறிய பருத்தி அது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலத் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டதும் லிவர்பூல் இந்தியப் பருத்தியைத் தேடி ஓடியது. அந்த ஆண்டுகளில் நம் பக்கம் பருத்தி விலை ஏறிய கதையும், போர் முடிந்ததும் சரிந்த கதையும் இந்தக் கிடங்குகளின் மறுமுனை. இந்தியப் பருத்தி இழை குட்டை, தூசி அதிகம் என்று லங்காஷயர் ஆலைத் தொழிலாளர்கள் சபித்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடிமை வணிகத்துக்கும் இந்தக் கிடங்குகளுக்கும் தொடர்பு உண்டா?

பிரிட்டிஷ் கப்பல்கள் அடிமைகளை ஏற்றுவது 1807-இல் தடைசெய்யப்பட்டது. ஆல்பர்ட் டாக் அதற்கு நாற்பது ஆண்டு பிந்தியது. ஆகவே இந்தக் கட்டடத்தில் அடிமைகளை அடைத்துவைத்தார்கள் என்ற கதை பொய். ஆனால் அதோடு கைகழுவிவிட முடியாது. 18-ஆம் நூற்றாண்டில் லிவர்பூலின் செல்வத்தில் பெரும்பங்கு அந்த வணிகத்தில் வந்தது. கோரீ கிடங்குகளின் பெயரே செனகல் கரையோரத் தீவிலிருந்து வந்தது. 1860கள்வரை இங்கே வந்திறங்கிய அமெரிக்கப் பருத்தியைப் பறித்தவை அடிமைகளின் கைகள். சர்வதேச அடிமைத்தன அருங்காட்சியகம் 2007-இல் திறக்கப்பட்டபோது அதற்கு ஆல்பர்ட் டாக் கிடங்கிலேயே இடம் ஒதுக்கியது பொருத்தம்தான்.

உலகின் மிகப் பெரிய செங்கல் கிடங்கு லிவர்பூலில்தான் இருக்கிறதாமே?

ஸ்டான்லி டாக் புகையிலைக் கிடங்கு. 14 தளம், 125 அடி உயரம். 2.7 கோடி செங்கல், 30,000 கண்ணாடிச் சில்லுகள், 8,000 டன் எஃகு. கட்ட இடம் இல்லாததால் குளத்தின் ஒரு பகுதியையே தூர்த்து அதன்மேல் எழுப்பினார்கள்.

வெளியே மலை, உள்ளே போனால் தலை இடிக்கும். ஒவ்வொரு தளமும் ஏழு அடிக்குச் சற்று மேல்தான். புகையிலை அரை டன் எடையுள்ள பெரும் பீப்பாய்களில் வரும். மேலே மேலே அடுக்கினால் கீழே உள்ள இலை நசுங்கி வீணாகும். ஆக உயரம் எதற்கு? நிறையத் தளம் போட்டால் போதும். சரக்குக்குச் சரியாக இருந்த இந்தக் குள்ளத்தனம்தான், அதை வீடுகளாக மாற்ற வந்தவர்களைப் பல ஆண்டுகள் திணறடித்தது. கடைசியில் கட்டடத்தின் நடுவயிற்றை வெட்டி எடுத்து முற்றமாக்கி வெளிச்சத்தைக் கொண்டுவந்தார்கள். எதிரே உள்ள பழைய கிடங்கு 2014 முதல் ஹோட்டல்.

கெட்டுப்போன, வரி கட்டாத புகையிலையை என்ன செய்வார்கள் என்றும் கேட்பதுண்டு. எரிப்பார்கள். லண்டன் டாக்கில் அதற்கான சூளைக்கு 'ராணியின் சுங்கான்' (புகைக்குழாய்) என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அங்கே வேலை செய்தவர்கள் நிலை எப்படி?

கல்லில் ஆயிரம் ஆண்டுக்கான உறுதி, கூலியில் அரை நாள் உறுதிகூட இல்லை. காலையில் ஆட்கள் கூட்டமாக வந்து நிற்பார்கள், மேஸ்திரி கைகாட்டியவருக்கு அரை நாள் வேலை. மதியம் மறுபடி நிற்க வேண்டும். கப்பல் வராவிட்டால் அடுப்பு எரியாது. இந்தத் தினக்கூலி முறை பிரிட்டிஷ் துறைமுகங்களில் 1967-இல்தான் முடிவுக்கு வந்தது. அப்போது கிடங்குகளே சாகக் கிடந்தன.

அவ்வளவு உறுதியாகக் கட்டியது ஏன் பாழடைந்தது?

உறுதிதான் வினையானது. ஆல்பர்ட் டாக் சுமார் ஆயிரம் டன்வரையிலான பாய்மரக் கப்பல்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. நீராவிக் கப்பல்கள் பெருத்தபோது வாயில் போதவில்லை. நின்று சரக்கு இறக்குவது நீராவிக் கப்பலுக்கு நஷ்டம், அதற்குத் தேவை தாழ்ந்த, அகலமான கொட்டகை. ஐந்து மாடிக் கிடங்கு அல்ல. கிரானைட்டை இடித்துப் பெரிதாக்கவும் முடியாது. 1920 வாக்கில் கப்பல் வருவது ஏறக்குறைய நின்றது. கிடங்காக மட்டும் ஓடியது. 1941 மே மாதக் குண்டுவீச்சில் கொஞ்சம் போயிற்று. 1972-இல் மூடினார்கள். மதகைத் திறந்தே விட்டதால் ஆற்றுச் சேறு உள்ளே வந்து நிறைந்தது.

பிறகு காப்பாற்றியது யார்?

இடித்துவிட்டு வானளாவிய கட்டடம் எழுப்பும் திட்டங்கள் வந்துபோயின. பாலிடெக்னிக் கல்லூரியாக்கும் யோசனையும் வந்தது. பணம் இல்லாததே பல முறை கட்டடத்தைக் காப்பாற்றியது என்பது என் எண்ணம். 1981-இல் அரசு அமைத்த மெர்சிசைடு வளர்ச்சிக் கழகம் சேற்றை அள்ளி, மதகைச் சரிசெய்து, தண்ணீரை மீண்டும் நிறுத்தியது. 1988-இல் அன்றைய இளவரசர் சார்லஸ் முறைப்படி திறந்துவைத்தார். டேட் கலைக்கூடமும் அந்த ஆண்டே அங்கே வந்தது.

லிவர்பூல் துறைமுகம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது உண்மையா?

உண்மை. 2004-இல் சேர்த்தார்கள், 2012-இல் ஆபத்துப் பட்டியலில் வைத்தார்கள், 2021-இல் நீக்கினார்கள். உலகில் இப்படிப் பட்டத்தை இழந்த மூன்றாவது இடம். வடக்கு டாக் பகுதியின் உயர்கட்டடத் திட்டமும், பிராம்லி-மூர் டாக்கை மணலால் தூர்த்து எவர்ட்டன் கால்பந்து அரங்கம் கட்டும் திட்டமும் காரணங்கள். ஊரில் பலர் இதற்காகக் கண்ணீர் விடவில்லை. பாழடைந்து பூட்டிக் கிடந்த இடத்துக்கு வேலை வருகிறதே என்றார்கள். கட்டடங்களுக்கான நாட்டின் சட்டப் பாதுகாப்பு அப்படியே இருக்கிறது.

கிட்டங்கி என்ற சொல்லுக்கும் 'கோடவுன்' என்ற சொல்லுக்கும் உறவு உண்டா?

உண்டு என்றே சொல் ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். ஆங்கிலேயர் அதை மலாய்ச் சொல்லான 'கூடாங்' வழியாக எடுத்துக்கொண்டார்கள், அதன் வேர் தமிழ்க் கிடங்கோ தெலுங்குக் கிட்டங்கியோ. வேடிக்கை என்னவென்றால் லிவர்பூலில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அது கிழக்கே வந்த வெள்ளைக்காரர்களின் சொல்.

ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கே போகலாம்?

ஆல்பர்ட் டாக்கில் கூட்டம் சேர்வதற்குள், காலையிலேயே தாழ்வாரத்தில் ஒரு சுற்று. பிறகு வடக்கே டாக் சாலை மதிலை ஒட்டி நடந்து ஸ்டான்லி டாக். திரும்பி வந்தால் ஆல்பர்ட் டாக்குக்குத் தெற்கே வாப்பிங் டாக். அங்கே 1856-இல் கட்டிய கிடங்கின் ஒரு பகுதி குண்டுவீச்சில் சிதைந்து இடிக்கப்பட்டுவிட்டது, மீதியில் மக்கள் குடியிருக்கிறார்கள். இடித்த பகுதியின் வார்ப்பிரும்புத் தூண்களை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். மேலே எதையும் தாங்காமல், தண்ணீரோரம் வரிசையாக நிற்கின்றன.